இரண்டு வாசல் வைத்த அத்திவாரம்

எங்கள் கரையில் என் வயதுப் பெண்கள் இருவர் பஸ்ஸிலோ ஆஸ்பத்திரி வாங்கிலோ சந்தித்துக்கொண்டால், சலாம் சொல்லி, பிள்ளைகளை விசாரித்த கையோடு, "இப்ப எங்க இரிக்காய், வீடு எப்பிடி?" என்று கேட்பார்கள். வேறு ஊர்களில் அது ஒரு சாதாரணக் கேள்வி. இங்கே வீடு பெண்ணுடையது. தாயின் வளவு நிலத்தில் மகளுக்கு வீடு கட்டி, அதை அவள் பெயருக்கு எழுதி, அதற்குள் மாப்பிள்ளையைக் கூட்டிவந்து இருத்துவார்கள். ஆண்பிள்ளை உடுத்த உடுப்போடு மனைவி வீட்டுக்குப் போய்விடுவான். ஆகவே வீடு எப்படி என்று கேட்டால், உன் வாப்பா உனக்கு என்ன செய்தார், உன்னை யார் கேட்டு வந்தார்கள், நீ எந்த நிலையில் நிற்கிறாய் என்று எல்லாவற்றையும் சேர்த்துக் கேட்டதாகத்தான் அர்த்தம். உங்களுக்கு நான் இதை விளக்கத் தேவையில்லை. வெளியூரார் யாரும் வாசித்தால் விளங்கட்டும் என்று எழுதுகிறேன்.

அந்தக் கேள்விக்கு நான் பல பதில்கள் சொல்லியிருக்கிறேன். குவைத்தில் ஒரு சமையலறைக்குப் பின்னால் இருந்தேன். ஜோர்தானில் மாடிப்படிக்குக் கீழே ஒரு மெத்தை. கொழும்பில் தையல் கடை ஒன்றின் மேல்தட்டு. இப்போது கல்முனையில் மீன் சந்தைக்குப் பின்புறம் வாடகைக்கு ஓர் அறை. ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றது. எழுதப் பழகியதெல்லாம் அரபு நாட்டில், மற்றப் பெண்களுக்குக் கடிதம் எழுதிக் கொடுத்துத்தான். அதனால் இதில் அலங்காரம் இராது. ஒரு கச்சான் காற்றுக் காலத்தில் எங்கள் வளவில் பெரிய வீடு ஒன்றுக்குக் கல் வைத்தார்கள். அதைச் சொல்கிறேன்.

அப்போது நாங்கள் நிந்தவூரில், பெரிய றோட்டுக்கும் கடலுக்கும் நடுவே இருந்தோம். எனக்குப் பதினொரு வயதிருக்கும். மூத்தவள் ராத்தாவுக்குப் பத்தொன்பது. வேறு பிள்ளைகள் இல்லை. வாப்பாவுக்குச் சந்தியில் ஒரு பலசரக்குக் கடையும் வட்டையில் கொஞ்சம் வயலும் இருந்தன. வளவு உம்மாவுடையது; அவ தாயிடமிருந்து வந்தது. அதில் நின்ற மண் சுவர் வீட்டை அந்த வருடம் பிரித்தார்கள். ஓடுகளை வேலியோரம் அடுக்கினார்கள். ஓலைமட்டை அடைத்த சமையல் குசினி மட்டும் மிஞ்சியது. நாங்கள் நான்கு பேரும் அதற்குள் புகுந்தோம்.

உம்மாவின் பெட்டகம் குசினிக் கதவுக்குள் நுழையவில்லை. அதை முருங்கைக்குக் கீழே வைத்து, மேலே தென்னோலைக் கிடுகு போட்டு மூடினோம். கச்சான் வீசும்போது வயல் பக்கத்துத் தூசியெல்லாம் அதற்குள் போகும். உம்மா மூடியைத் திறந்து தன் கலியாணப் புடவையை உதறுவா. கற்பூர வாசமும் வைக்கோல் தூசியும் ஒன்றாக மூக்கில் ஏறும். அந்தப் பெட்டகம் பிறகு எங்கே போனது என்று எனக்குத் தெரியாது. யாரிடம் கேட்டாலும் மற்றவரைக் கைகாட்டுகிறார்கள்.

வீட்டைப் பிரித்ததற்குக் காரணம் ராத்தாவின் கலியாணம். அவளை முன்பும் கேட்டு வந்திருந்தார்கள். வந்தவர்கள் மண் சுவரைப் பார்த்தார்கள், தேத்தண்ணி குடித்தார்கள், எழும்பினார்கள். பிறகு ஒரு தகவலும் இல்லை. இந்த முறை வந்தது கல்முனையில் கந்தோர் உத்தியோகத்திலிருந்த மாப்பிள்ளை. அவருடைய உம்மா பேச்சுக்கு வந்தபோது நேராகவே சொன்னா: "எங்கட மகன் நாலு பேர் வந்து போற ஆள். முன்னுக்கு விறாந்தையும் நடுவில பெரிய மண்டபமும் வெச்ச கல்வீடு வேணும். கல் வைக்கிற அண்டைக்கு நான் வந்து பாப்பன். எடம் புடிச்சிதெண்டா அண்டைக்கே வார்த்தை."

கல் வைக்கும் நாள்தான் வார்த்தை முடியும் நாள் என்று ஆகிவிட்டது.

இக்கட்டு வளவின் அகலத்தில் இருந்தது. அந்த அம்மா கேட்ட வீட்டைக் கட்டினால் வேலியிலிருந்து வேலி வரை போய்விடும். எனக்கு இடமில்லை. வாப்பாவுக்கு வேறு நிலம் வாங்க வக்கில்லை. நான் வளர்ந்து நிற்கும்போது வீடில்லாத பெண்ணை யார் கேட்டு வருவார்கள்?

வாப்பா கடையில் உட்கார்ந்து பல நாள் யோசித்திருக்க வேண்டும். ஒரு காலை காரைதீவிலிருந்து மேசனைக் கூட்டிவந்தார். முளைகளும் நூலும் எடுத்து வளவில் கோடு பிடித்தார்கள். மேசன் தலையைச் சொறிந்தார்.

"என்ன முதலாளி, நடுவில ரெண்டு கோடு வருது?"

"வெளியில நிண்டு பாத்தா ஒரு வீடு, மேசன். உள்ளுக்கு ரெண்டு."

"ரெட்டைக்கரு முட்டை எண்டு சொல்லுங்க."

"அப்பிடித்தான் வெச்சுக்கங்க. முட்டைய ஒடைக்கும் வரைக்கும் வாயத் தொறக்கப்படாது."

வாப்பாவின் கணக்கு இதுதான். ஒரே கூரை, ஒரே விறாந்தை, ஒரே முகப்பு. நடுவில் மட்டும் இரண்டு சுவர், இரண்டுக்கும் தனித்தனி அத்திவாரம். வலப்புறம் ராத்தாவுக்கு, இடப்புறம் எனக்கு. மாப்பிள்ளை வீட்டார் முழுவதையும் ராத்தாவின் வீடு என்று நினைத்துக்கொள்ளட்டும். உறுதிப் பத்திரம் எழுதும்போது பாதியை மட்டும் எழுதினால் தெரியவரும். ஆனால் அதற்குள் ஊரெல்லாம் கலியாண அழைப்புச் சொல்லியாகிவிடும். அழைப்புச் சொன்ன பிறகு ஒரு சுவருக்காக யாரும் பின்வாங்கமாட்டார்கள்.

அன்று பின்னேரம் வாப்பா ஒரு தடியை எடுத்துக்கொண்டு எங்கள் மூவரையும் நூலுக்குள் கூட்டிப்போனார். இடப்புறம் வந்ததும் எனக்குக் காட்டினார்: "இது ஒண்ட மண்டபம். இது அறை. இந்தா, இது குசினி. கிணத்தடிக்கு நேர கதவு." நான் என் அறைக்குள் நடந்து பார்த்தேன். மணல் காலைப் பொசுக்கியது. நூலைத் தாண்டக்கூடாது என்று வாசலுக்குச் சுற்றிப் போய் வெளியே வந்தேன். ராத்தா தன் மண்டபத்தில் நின்று சிரித்தாள். உம்மா மட்டும் வெளியே நின்றா.

அந்த வாரத்திலிருந்து எனக்குப் பாடம் நடந்தது. வாப்பா கடைக்குப் போகுமுன் என்னை நிறுத்திக் கேட்பார்.

"நடுவில இரிக்கிற எடம் என்ன?"

"காத்து வழி."

"இந்தப் பக்கத்துக் குசினி?"

"குசினி இல்ல. நெல்லறை."

"ரெண்டாவது வாசல்?"

"பொம்புளையள் வாசல்."

"ஒண்ட வீடு எங்க?"

"வாப்பா பொறகு கட்டுவார்."

"என்ட தங்கம்."

உம்மா அம்மியில் அரைத்துக்கொண்டே ஒருமுறை சொன்னா: "புள்ளையப் பொய்க்குப் பழக்குறீங்க."

"பொய்யில்ல இது. நேரம் வரும் வரைக்கும் பொத்தி வைக்கிற."

"பொத்தி வைக்கிறதுக்கு என்னத்துக்கு மூணு கள்ளப்பேர் வெச்சிரிக்கீங்க?"

வாப்பா செருப்பைக் கொழுவிக்கொண்டு போய்விட்டார்.

எங்கள் நிலம் மணல். தோண்டத் தோண்டச் சரியும். மேசனின் ஆட்கள் காலையில் வெட்டிய கால்வாயைப் பகல் கச்சான் நிரப்பிவிடும். பின்னேரம் மறுபடியும் வெட்டுவார்கள். மற்றக் கால்வாய்களுக்குத் தென்னங்குற்றி போட்டு முட்டுக் கொடுத்தார்கள். நடுவிலிருந்த இரண்டும்தான் பெரிய தொல்லை. அவற்றுக்கு இடையில் நின்ற மெல்லிய மணல் திட்டு நிற்கவே மாட்டேன் என்றது. ஒரு பக்கம் சரிந்தால் இரண்டும் ஒன்றாகிவிடும். மேசன் தண்ணீர் தெளித்து, தட்டி, பலகை வைத்துப் பார்த்தார். "முதலாளி, இது ரெண்டா இருக்க விருப்பமில்லாத மண்" என்று பகிடி சொன்னார். வாப்பா சிரிக்கவில்லை.

மலைப் பக்கமிருந்து உழவு இயந்திரப் பெட்டியில் கருங்கல் வந்து இறங்கியது. கல் விழும் சத்தம் பள்ளிவாசல் வரைக்கும் கேட்கும். வீதியில் போகிறவர்கள் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்கள். "யா அல்லாஹ், ஒரு குமருக்கு இவ்வளவு பெரிய வீடா? மத்தவள என்ன செய்யப் போறார்?" என்று என் முன்னாலேயே கேட்டார்கள். நான் பாடத்தை ஒப்புவித்தேன். என்னைப் பார்த்துச் சிலர் 'ச்சு' கொட்டினார்கள். எனக்கு உள்ளுக்குள் சிரிப்பாக இருக்கும். ஆனால் இரவில் ஒன்றுக்குப் போக எழும்பினால், தவறிப்போய்த் தூக்கத்தில் எதையும் உளறிவிட்டேனோ என்று பயமாக இருக்கும்.

ராத்தா பயத்தில் மெலிந்துபோனாள். கிணற்றடியில் எனக்குத் தலை தேய்த்துவிடும்போது நகம் மண்டையில் பதியும்.

"நீ ஒரு சொல் பிழையாச் சென்னாலும் என்ட கதை முடிஞ்சிது. வெளங்குதா? இன்னொரு ஆக்கள் வந்து பாத்துட்டுப் போனா நான் கிணத்துலதான்."

"நான் செல்லமாட்டன். நீ என்ட பக்கத்த எடுக்கப்படாது."

"எனக்கு என்னத்துக்குப் புள்ள ஒண்ட பக்கம்? சுவருக்கு அங்கால நீ, இஞ்சால நான். கூப்புட்டாக் கேக்கும்."

அவள் அதை மனதாரத்தான் சொன்னாள். இன்றைக்கும் நான் அதைச் சந்தேகிப்பதில்லை.

கல் வைக்கும் நாள் வந்தது. பகல் தொழுகை ளுஹருக்கு முன் ஓதி முடிக்க வேண்டும் என்று ஓத வரும் லெவ்வை சொல்லியிருந்தார். ஆண்கள் வளவின் முன்புறம் கூடாரத் துணிக்குக் கீழே இருந்தார்கள். பெண்கள் பின்புறம். குசினிக்குள், ஓதியதும் பகிர்கிற நார்சாவுக்குப் பாற்சோறு வெந்துகொண்டிருந்தது. தேங்காய்ப்பால் அடிப்பிடித்த வாசம். முதல் கல்லை வாப்பா கழுவித் துடைத்து, மூலைக் கால்வாயின் விளிம்பில் வைத்திருந்தார். உம்மா காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. வாப்பா மேற்சட்டைப் பொத்தானை மாறிப் போட்டிருந்தார். யாரும் அதை அவரிடம் சொல்லவில்லை.

மாப்பிள்ளையின் உம்மா வாடகைக் காரில் வந்தா. வெள்ளைச் சேலை, கறுத்தக் குடை, வாயில் வெற்றிலை. கூட அவவின் சின்ன மகன். பதினைந்து வயதிருக்கும், காற்சட்டை போட்டிருந்தான். மாப்பிள்ளை வரவில்லை, அது வழக்கமில்லை. உம்மா பாய் விரித்து, சர்பத்து நீட்டினா. அந்த அம்மா ஒரு வாய் குடித்து வைத்துவிட்டு, "இரிக்க நேரமில்ல மதினி. மொதல்ல எடத்தப் பாப்பம்" என்று குடையை விரித்தா.

உம்மாவும் நானும் கூடப் போனோம். ராத்தா குசினி மட்டைக்குள்ளால் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய விரல்கள் மட்டும் வெளியே தெரிந்தன.

அந்த அம்மா வேகமாக நடக்கவில்லை. ஒவ்வொரு கால்வாயின் ஓரத்திலும் நின்று, குனிந்து, உள்ளே பார்த்து, வெற்றிலையைத் துப்பிவிட்டு அடுத்ததுக்குப் போனா. தன் மூன்று மகள்மாருக்கும் வீடு கட்டிக் கொடுத்த மனிசி அவ. வாப்பா அதை யோசிக்கவேயில்லை என்று இப்போது நினைக்கிறேன். ஆண்களை ஏமாற்றுவதற்கு ஏற்பாடு செய்துவிட்டு, பார்வைக்கு ஒரு பெண்ணை வரவிட்டார்.

நடுவில் வந்து நின்றா.

"இது என்ன மதினி, ரெண்டு வெட்டு?"

உம்மா வாயைத் திறக்குமுன் நான் சொன்னேன்: "காத்து வழி."

"ஆ? கடக்கரையில ஊடு கட்டிக் காத்துக்கு வழி வெக்கிறீங்களா?" சிரித்தா. "சரி, பெரிய ஆக்கள்ட வீடு. இரிக்கட்டும்." மேலும் நடந்தா. "இஞ்ச ஒரு குசினி. அங்கால மூலையில?"

"நெல்லறை."

"கிணத்தடிக்குக் கதவு வெச்ச நெல்லறை. நெல்லக் கழுவியா போடுவீங்க?"

அது என் பாடத்தில் இல்லை. அவ முன்பக்கம் திரும்பி, விறாந்தைக்கு முன்னால் படிகளுக்காக வெட்டியிருந்த இரண்டு பள்ளங்களையும் குடை நுனியால் காட்டினா.

"ரெண்டாவது வாசல்?"

"பொம்புளையள் வாசல்."

சொன்ன உடனே எனக்கே தெரிந்துவிட்டது. ஊரில் எந்த வீட்டில் பெண்களின் வாசல் வீதிப்பக்கம், ஆண்களின் வாசலுக்குப் பக்கத்தில் இருக்கிறது? அது எப்போதும் பின்னால், கிணற்றடிப் பக்கம். வாப்பாவுக்கு, மேசனுக்கு, எனக்கு, ஒருவருக்கும் அது தோன்றவில்லை.

அந்த அம்மா என்னைப் பார்க்கவில்லை. உம்மாவையே பார்த்தா.

"மதினி, பொம்புளையளுக்கு ஆராவது முன்னுக்கு வாசல் வெப்பாங்களா?"

உம்மா முக்காட்டைப் பிடித்துக்கொண்டு நின்றா. முன்புறமிருந்து லெவ்வை கனைத்தார். "நேரம் போகுதே! தொடங்கவா?" என்று யாரோ கேட்டார்கள். "ஒரு நிமிசம், ஒரு நிமிசம்" என்று வாப்பாவின் குரல் உயர்ந்தது. அவர் எங்கள் பக்கம் வந்துகொண்டிருந்தார். ஓடவும் முடியாமல், நடக்கவும் முடியாமல் ஒரு நடை. குசினி மட்டைக்குள் ராத்தாவின் விரல்கள் இல்லை.

"ஓதப் போற எடம்" என்றா உம்மா. "பொய் செல்லேலா மதினி. இது ரெண்டு வீடு. எனக்கு ரெண்டு பொம்புளப்புள்ள. இந்த வளவ விட்டா எனக்கு ஒண்டுமில்ல."

வாப்பா வந்து சேர்ந்தபோது வார்த்தை வெளியே வந்துவிட்டது. உம்மா தலை குனியவில்லை. காற்று கூடாரத் துணியை அடித்துக்கொண்டிருந்தது. நடுத் திட்டிலிருந்து ஒரு கட்டி மணல் பொத்தென்று கால்வாய்க்குள் விழுந்தது.

கார் திரும்பிப் போகப் போகிறது என்றுதான் நான் நினைத்தேன். ராத்தாவையும் கிணற்றையும் நினைத்துக் கிணற்றுப் பக்கம் பார்த்தேன்.

அந்த அம்மா குடையை மடக்கினா. என்னை நோக்கிக் கையை நீட்டினா.

"இவள்தானே அங்கால வீட்டுக்காரி? இஞ்ச வா புள்ள. பல்லக் காட்டு."

காட்டினேன்.

"ஓதினியா?"

"குர்ஆன் முடிச்சிட்டன்."

"ம்." என் தாடையைப் பிடித்து அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் திருப்பினா. பிறகு வாப்பாவுக்கும் கேட்கும்படி சத்தமாகச் சொன்னா: "எனக்கும் ரெண்டு மகன் இரிக்காங்க. மூத்தவள மூத்தவனுக்கு எடுத்தா, இவளச் சின்னவனுக்கு எடுக்கன். அண்ணனும் தம்பியும் ராத்தாவும் தங்கச்சியும். மறுகா என்னத்துக்கு நடுவில சுவர்? காத்து வழியும் வேணாம், களவு வழியும் வேணாம். மூடிப்போட்டு, கேட்ட மாதிரி ஒரு பெரிய வீடாக் கட்டுங்க."

"அல்ஹம்துலில்லாஹ்!" என்று வாப்பா கத்தினார். உண்மையில் கத்தினார். முன்புறமிருந்த ஆண்கள் எழும்பிவிட்டார்கள். குசினிக்குள் பெண்கள் குரவையிட்டார்கள். உம்மா அப்படியே மணலில் குந்தி, முக்காட்டால் முகத்தைப் பொத்திக்கொண்டா. அவ அழுதது பயம் தெளிந்த அழுகை. பிறகு அதை நான் பல நாடுகளில் பார்த்திருக்கிறேன், விமான நிலையங்களில்.

காரடியில் வாழைப்பழம் தின்றுகொண்டிருந்த சின்ன மகனை யாரோ பிடித்து இழுத்துவந்து, "மாப்பிள்ள, பாரு பொண்ண" என்றார்கள். அவன் என்னைப் பார்த்தான். பிறகு கார்ச் சில்லைப் பார்த்தான். சில்லைத்தான் கூட நேரம் பார்த்தான்.

"அப்ப நடுவ மூடவா முதலாளி?" என்று மேசன் கேட்டார்.

"மூடு, மூடு. லெவ்வை காத்துக்கிட்டு நிக்கார்."

மண்வெட்டிகள் எழும்பின. முதல் மணல் விழுந்தபோது நான் உள்ளே குதித்துவிட்டேன். யோசித்துச் செய்ததல்ல. கால்வாய் என் கழுத்தளவு இருந்தது. அடியில் ஈரம், குளிர். மேலே கால்களும் சேலை விளிம்புகளும் மட்டும் தெரிந்தன.

"மூட வேணாம். இது என்ட சுவர்."

எல்லோரும் சிரித்தார்கள்.

"அல்லாஹ்வே, இப்பவே வீட்டுக்குக் காவல் இரிக்காள்!"

"அவசரத்தப் பாருங்க கா! மாப்பிள்ளைக்கு இன்னும் மீசை முளைக்கல்ல!"

"நல்ல மருமகள் மதினி. ஒரு புடி மண்ணும் வெளிய போகாது."

வாப்பாவும் சிரித்துக்கொண்டே குனிந்து என் கையைப் பிடித்தார். நான் கையை உதறினேன். மாப்பிள்ளையின் உம்மா கால்வாயின் ஓரத்தில் குந்தினா. அவவின் முகம் அன்பாகத்தான் இருந்தது.

"மகள், சுவர் இல்லாட்டி இன்னும் பெரிசா இரிக்கும். எல்லாம் ஒண்டதானே."

பெரியவர்கள் எல்லோரும் ஒரே பக்கம் நின்று சிரிக்கும்போது, தான் சொல்வது சரியாக இருக்காது என்று ஒரு பிள்ளைக்குத் தோன்றும் அல்லவா. வாப்பா இரண்டு கையாலும் தூக்கி மேலே விட்டார். மணல் என் பாவாடையிலிருந்து கொட்டியது. ஆட்கள் நடுக் கால்வாய் இரண்டையும் மூடினார்கள். அந்தத் திட்டு ஒரே வெட்டில் விழுந்தது. இரண்டாவது வாசலின் பள்ளத்தையும் மூடினார்கள். மேசன் என்னைத் திரும்பிப் பார்க்காமல் தன் நூலைச் சுற்றினார்.

லெவ்வை யாசீன் ஓதினார். வாப்பா பிஸ்மில்லாஹ் சொல்லி மூலைக் கல்லை இறக்கினார். ஆமீன் சொன்ன சத்தம் பெரிதாக இருந்தது. எனக்கு வாழையிலையில் பாற்சோறும் பழமும் சீனியும் தந்தார்கள். நான் தின்றேன். பசியாக இருந்தது.

எல்லோரும் போன பிறகு உம்மா என்னைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போய்த் தலையில் தண்ணீர் வார்த்தா. மயிரிலிருந்த மணலைக் கழுவக் கழுவ அது தீரவில்லை. உம்மா சிரித்துக்கொண்டே இருந்தா. அவ அப்படிச் சிரித்து நான் அதற்கு முன் கண்டதில்லை.

"ரெண்டு பேரையும் ஒரே நாளில அல்லா கரை சேத்துட்டான். இனி எனக்கு என்ன? கண்ண மூடினாலும் பரவாயில்ல."

"எனக்குத் தனி வீடு இல்லயா உம்மா?"

"இருக்கிறதே ஒண்ட வீடுதானே புள்ள."

உம்மா அன்று பொய்யே சொல்லியிருந்தால் எனக்கு ஒரு வீடு கிடைத்திருக்கும் என்று பல வருடம் நினைத்துத் திரிந்திருக்கிறேன். இப்போது அப்படி நினைப்பதில்லை. அந்த அம்மா எப்படியும் கண்டுபிடித்திருப்பா. கார் திரும்பிப் போயிருக்கும். அன்று அங்கே நின்றவர்களில் ஒருவர்கூட எனக்குக் கெட்டது நினைக்கவில்லை. இதுதான் எனக்குக் கோபப்பட வழியில்லாமல் செய்துவிட்டது.

வீடு எழும்பியது. ஊரில் அதைப் பார்க்க வந்தார்கள். ராத்தாவின் கலியாணத்துக்கு முன் பத்திரம் எழுதும் நொத்தாரிசு வந்து, "ஒரே வீட்ட எப்பிடிப் பாதி எழுதுற?" என்றார். முழுவதும், வளவோடு சேர்த்து, ராத்தாவின் பெயருக்கு எழுதப்பட்டது. சின்னவர் எனக்கு மாப்பிள்ளையாக வரும்போது ராத்தா எனக்குப் பாதி எழுதித் தருவாள் என்பது பேச்சு. உம்மா கைநாட்டு வைத்தா. ராத்தாவும் மச்சானும் வீட்டுக்குள் போனார்கள். வாப்பாவும் உம்மாவும் நானும் பழைய குசினியில் இருந்தோம். வழக்கமும் அதுதான், தாய் தகப்பன் பின்னுக்குப் போவது.

நான் பேசி வைத்தவள் என்று ஊருக்குத் தெரியும். அதனால் என்னை வேறு யாரும் கேட்டு வரவில்லை. பேசி வைத்தவளுக்குப் படிப்பெதற்கு என்று பள்ளிக்கூடமும் நின்றது. சின்னவர் கொழும்புக்குப் படிக்கப் போனார். பெருநாளுக்கு வந்தால் மண்டபத்தில் இருந்து அண்ணனோடு கதைப்பார். நான் தேத்தண்ணி ஊற்றி ராத்தாவிடம் கொடுத்தனுப்புவேன். அவர் கொழும்பிலேயே ஒரு பெண்ணை முடித்துக்கொண்டார் என்ற செய்தி வந்தபோது எனக்கு இருபது தாண்டியிருந்தது. வாப்பா அதற்கு முன்பே மௌத்தாகி மண்ணுக்குள் போய்விட்டார். செய்தியைக் கொண்டுவந்தது மாப்பிள்ளையின் உம்மாதான். அந்தப் பெரிய மண்டபத்தில் உட்கார்ந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் என்னத்தச் செய்ய மகள், நான் என்னத்தச் செய்ய" என்று விம்மி விம்மி அழுதா. நான்தான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.

"ஒனக்கு இஞ்ச ஒரு அறை எப்பவும் இரிக்கி" என்றாள் ராத்தா. இடப்பக்கத்து அறை. நான் முதலில் நூலுக்குள் நடந்து பார்த்த அறைதான் என்று நினைக்கிறேன். நிச்சயமாகச் சொல்லமுடியாது, எல்லாம் மாறிக் கட்டியிருந்தார்கள்.

இரண்டு நாள் கழித்து, காலையில், உம்மா மண்வெட்டியை எடுத்தா. குசினிக்கும் கிணற்றுக்கும் இடையில் மணலில் காலால் ஒரு கோடு இழுத்துவிட்டுத் தோண்டத் தொடங்கினா. நூலும் இல்லை, முளையும் இல்லை. சேலையை முழங்காலுக்கு மேல் சொருகியிருந்தா. நான் போய்க் கையைப் பிடித்தேன். "விடு" என்றா. அவ்வளவுதான். வேலியோரம் உடைந்த ஓடுகளும் மேசன் விட்டுப்போன கருங்கல் கொஞ்சமும் கிடந்தன. அவற்றை ஏற்கனவே ஒரு பக்கமாகக் குவித்து வைத்திருந்தா.

மச்சான் கந்தோருக்கு உடுத்திக்கொண்டு வெளியே வந்தவர், சத்தம் கேட்டுப் பின்னால் வந்தார்.

"என்ன மாமி தோண்டுறீங்க?"

"சின்ன அத்திவாரம் மருமகன். ஒரு அறைக்குத்தான். இவளுக்கு."

அவர் கெட்ட மனிதரல்ல, என்னை ஒரு நாளும் அதட்டியதில்லை. விறாந்தையிலிருந்து அவருடைய பிள்ளைகளின் சத்தம் கேட்டது.

"மாமி, கோவிக்கப்படாது. எங்களுக்கும் மூணு பொம்புளப்புள்ள. இரிக்கிறது இந்த வளவுதான். இப்ப ஒரு துண்டு போனா நாளைக்கு அதுகளுக்கு..." முடிக்கவில்லை. "எழுத்தும் அப்பிடித்தானே இரிக்கி."

"தெரியும் மகன்" என்றா உம்மா. "நான்தானே கைநாட்டு வெச்ச."

ஆனால் தோண்டுவதை நிறுத்தவில்லை. மச்சான் கந்தோருக்குப் போனார். ராத்தா பின்கதவில் வந்து நின்றாள், வாயைச் சேலையால் பொத்திக்கொண்டு உள்ளே போனாள். மணல் சரியச் சரிய உம்மா அள்ளிப் போட்டா. ளுஹருக்குப் பாங்கு சொன்னது. மண்வெட்டியை அப்படியே போட்டுவிட்டுக் கிணற்றில் அள்ளித் தொழுகைக்கு ஒளூச் செய்யப் போனா. பிறகு அந்தப் பக்கம் வரவேயில்லை.

வெளிநாட்டுக்கு ஆள் எடுப்பவரிடம் அடுத்த நாள் போய்ப் பெயர் கொடுத்தேன். அதற்கு முன், அன்று அஸர்த் தொழுகைக்குப் பிறகு, அந்தக் குழியை நானே மூடினேன். ஈர மணலை முதலில் போட்டு, காய்ந்ததை மேலே போட்டு, நன்றாக மிதித்தேன். ராத்தாவின் கடைக்குட்டி அப்போதுதான் நடக்கப் பழகியிருந்தாள். கிணற்றடிக்கு அந்த வழியால்தான் ஓடி வருவாள்.